ரிசர்வ் சைட்டில் ஒரு பழத்தோப்பு: நடுவதற்கு முன்பும் நட்ட பிறகும்

உங்க குடியிருப்புப் பக்கம் ஒரு ரிசர்வ் சைட் நிச்சயம் இருக்கும். மனை போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம். இப்போது அதில் சீமைக் கருவேலமும் பழைய கட்டடக் கழிவும் இருக்கலாம். ஒரு மூலையில் பனியன் வேஸ்ட் மூட்டை கிடந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த இடத்தில் நெல்லியும் சீத்தாவும் நாவலும் காய்க்க வைக்கலாம். தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது பறித்துத் தின்னலாம். திருப்பூரில் இதற்கு ஆள் பஞ்சம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாட்ஸ்அப் தகவல் போட்டால் நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்து விடுவார்கள். மாசி, பங்குனியில் எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் கேள்வி. கன்று பிழைப்பதும் காய்வதும் அந்த நான்கு மாதத்தில் முடிவாகிவிடுகிறது.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. வெற்றி அமைப்பு 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. பின்னலாடைத் தொழில் நடத்துபவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, மாநகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பல லட்சம் மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையைவிட அவர்கள் போடும் நிபந்தனைதான் கவனிக்க வேண்டியது. கன்று வேண்டும் என்று கேட்பவரிடம் தண்ணீர் இருக்கிறதா, வேலி இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள். அந்த இரண்டும் இருக்கும் நிலத்துக்குத்தான் கன்று போகிறது. சிறிய தோப்பு போடுபவர்களும் இந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் நிலம் யாருடையது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் பொதுவெளிக்கு ஒதுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள், நம்ம பக்கம் ரிசர்வ் சைட். தானப் பத்திரம் மூலம் இது மாநகராட்சிக்கோ, நகராட்சிக்கோ, ஊராட்சிக்கோ போய்விடும். ஆகவே மனை வாங்கியவர்கள் சங்கம் வைத்திருந்தாலும், நிலத்தின் உரிமையாளர் உள்ளாட்சிதான். அனுமதி அங்கேதான் வாங்க வேண்டும்.

உங்க கைப்பேசியிலேயே பாதி வேலையை முடிக்கலாம். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேடுகள் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடு விவரம் வரும். அரசுப் புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கவும் அதிலேயே தனி வசதி உண்டு. புல வரைபடத்தையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். 'ஓடை', 'குளம்', 'வாய்க்கால்' என்று வகைப்பாடு வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் தோப்பு போட யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது. நொய்யல் கரை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைக்குப் போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. ஐப்பசி மழையில் நடுவதாக இருந்தால் ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் வந்துவிட வேண்டும். மாநகராட்சி, நகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரையும் பகுதி சபையையும் பிடியுங்கள். ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குச் சொல்லலாம். கம்பிவேலி, ஆழ்துளைக் கிணறு போன்ற செலவு வந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். பனியன் கம்பெனிகள் பங்களிக்கும் ஊர் இது. மூன்றில் ஒரு பங்கு பெரிய மலையல்ல.

மனுவில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: பழம் யாருக்கு? ஊராட்சி நிலத்தில் நிற்கும் மரத்தின் பலனை ஏலம் விடுவது பழைய வழக்கம். புளியமரம் ஏலம் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீங்க நட்டு, தண்ணி ஊத்தி வளர்த்த சப்போட்டா மரம் ஆறாவது வருஷம் ஏலத்துக்குப் போனால் சண்டை வரும். 'பலன் பொதுமக்களின் இலவசப் பயன்பாட்டுக்கு. ஏலம் விடுவதில்லை' என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இப்போது ஒரு வரி எழுதுவது சுலபம், பழம் தொங்கும்போது எழுத வைப்பது கஷ்டம்.

தண்ணீரை நாக்கால் பார்க்காதீர்கள்

திருப்பூருக்கு வரும் குடிநீர் பவானி, காவிரி ஆறுகளிலிருந்து குழாயில் வருகிறது. உள்ளூர் ஆழ்துளைக் கிணறுகளின் கதை வேறு. பல ஆண்டுகள் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவுநீர் தேங்கியது. கீழ்ப்பக்க விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஆலைகள் மாறியதும் எல்லாருக்கும் தெரியும். நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. இரண்டு தெரு தள்ளி நல்ல தண்ணீர் இருக்கும், உங்க போரில் உப்பு இருக்கும்.

அதனால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பாருங்கள், அல்லது தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் பாசன நீர் அளவுகோல் இப்படி: ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை, 450 முதல் 2,000 வரை மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், 2,000-ஐத் தாண்டினால் பாசனத்துக்குக் கடுமையான சிக்கல். மீட்டரில் 2,500 காட்டினால் அந்தப் போரை நம்பி மாங்கன்று வைக்காதீர்கள். வைத்தால் இலை நுனி கருகிக் கருகி ஒரு வருஷத்தில் குச்சியாகிவிடும்.

மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். பழமரத்துக்கு மேல் மண் மட்டும் போதாது. மூன்றடி வரை ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி மாதிரி எடுத்து, அரைக் கிலோ அளவில் துணிப்பையில் கட்டி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள். சாயப்பட்டறைக் கழிவு கொட்டிய இடம் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொன்னால், அந்த இடத்தில் தின்னும் பழமே வேண்டாம். வேம்பு, புங்கன் வைத்து நிழலாக்கிக் கொள்ளுங்கள்.

எந்த மரம்?

நம்ம பகுதி மழை குறைந்தது. கிடைப்பதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்று வேறு. இதற்குத் தாங்கும் மரங்கள் நம்மிடமே இருக்கின்றன.

உப்பு கொஞ்சம் இருந்தாலும் சமாளிப்பவை இலந்தை, சப்போட்டா, நெல்லி, நாவல், கொடுக்காப்புளி. வறட்சிக்குச் சீத்தாவும் விளாவும் கெட்டி. கொய்யாவும் மாதுளையும் நடுத்தரம். கவனித்தால் நன்றாக வரும். மாவும் எலுமிச்சையும் உப்புத் தண்ணீருக்குப் பயப்படும். பலாவைக் கேட்பவர்கள் நிறைய. நம்ம வறட்டுக் காட்டுக்கு அது ஒத்து வராது. அவக்கேடோ, டிராகன் பழம் என்று யூடியூப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

நெல்லி வைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தவறாமல் கவனிக்கணும். ஒரே ரகத்தை மட்டும் வைத்தால் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமல் காய்ப்பு குறைந்துவிடும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். 1, அதோடு என்.ஏ. 7, காஞ்சன், கிருஷ்ணா என்று இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து வையுங்கள். 'மரம் நல்லா இருக்கு, காய்தான் பிடிக்கலை' என்கிற புகாருக்குப் பாதி காரணம் இதுதான்.

பருவத்தையும் பாருங்கள். நாவல் ஆனி, ஆடியில் உதிரும். சீத்தா ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. இலந்தை மார்கழி, தையில். சப்போட்டாவும் கொய்யாவும் வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. கலந்து வைத்தால் ஏதாவது ஒரு மரத்தில் ஏதாவது ஒன்று பழுத்துக் கொண்டே இருக்கும்; பிள்ளைகள் தோப்புக்கு வருவதை நிறுத்த மாட்டார்கள்.

ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா? ஒட்டு நாவல் நாலைந்து வருஷத்தில் காய்க்கும், விதை நாவல் எட்டு, பத்து வருஷம் கேட்கும். பொதுத் தோப்பில் ஜனங்களின் பொறுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாதியை ஒட்டுக்கன்றாக வையுங்கள். இரண்டு, மூன்று வருஷத்தில் முதல் கொய்யாவைப் பார்த்துவிட்டால் மீதி மரங்களுக்குத் தண்ணீர் தானாக வரும். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் ரகம் தெரிந்து கன்று வாங்கலாம். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் வனத்துறை நாற்றங்கால்களிலும் கேட்டுப் பாருங்கள். 'உழவன்' செயலியில் பதிவு செய்து இலவச மரக்கன்று பெறும் திட்டம் விவசாயிகள் தங்கள் நிலத்தில் தடிமரம் வளர்ப்பதற்கானது. ரிசர்வ் சைட்டுக்கு அதில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டாம்.

குழி, குச்சி, வேலி

மூன்றடி நீளம், அகலம், ஆழம். ஆவணி, புரட்டாசியில் குழி எடுத்து இரண்டு, மூன்று வாரம் வெயில் படட்டும். மேல் மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மக்காத சாணத்தைப் போட்டால் கரையானுக்கு விருந்து வைத்தது போல. இடைவெளி நெல்லி, சீத்தா, கொய்யாவுக்குச் சுமார் 16 முதல் 20 அடி. சப்போட்டாவுக்கு 26 அடி. நாவலுக்கு அதற்கும் மேல். இப்போது இடம் காலியாகத் தெரிகிறது என்று நெருக்கி வைத்தால் பின்னால் எல்லாமே உயரமாகப் போகும், காய் கைக்கு எட்டாது. மின்கம்பிக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வருஷா வருஷம் கம்பிக்காகக் கிளை வெட்டித் திணறுவதைவிடப் பத்தடி தள்ளி வைப்பது மேல்.

ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அந்த முடிச்சுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள். இதை யாரும் சொல்லித் தராததால், ஒட்டு மரம் செத்து அடிச்செடி மட்டும் வளர்ந்து நிற்கும் தோப்புகள் உண்டு.

முட்டுக் குச்சியைக் கன்றுக்கு மேற்குப் பக்கம் நடுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கன்று குச்சியில் மோதாமல் விலகி ஆடும். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். திருப்பூரில் இதற்கு வழியா இல்லை? பனியன் கட்டிங் வேஸ்டில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு எடுத்து எட்டு வடிவில் கட்டுங்கள். துணி இழுபடும், மரம் தடிக்கத் தடிக்க இடம் கொடுக்கும். ஆனால் அதே பனியன் வேஸ்டைக் கன்றடியில் மூடாக்காகப் பரப்பும் யோசனையும் அடிக்கடி வருகிறது. அது வேண்டாங்க. பாலியஸ்டர், லைக்ரா கலந்த துணி மக்காது. மண்ணுக்குள் நூல் நூலாகக் கிடக்கும். மூடாக்குக்குக் காங்கேயம், உடுமலைப் பக்கத்துத் தேங்காய் மட்டை, காய்ந்த இலை, கரும்புச் சோகை போதும்.

வேலிக்குக் காங்கேயம் பகுதிக் கொரங்காடுகளைப் பாருங்கள். மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. குச்சி நட்டாலே வேர் பிடிக்கும், தண்ணீர் கேட்காது, ஆடு உள்ளே வராது. முழு வேலியாக அடர இரண்டு, மூன்று வருஷம் ஆகும் என்பதால் அதுவரை கம்பியோ, வெட்டிப் போட்ட முள்ளோ துணைக்கு வேண்டும். கம்பி துருப்பிடிக்கும் நேரத்தில் கிளுவை பெரிசாகியிருக்கும்.

முப்பத்திரண்டு குடம்

பத்து சென்ட் ரிசர்வ் சைட் என்று வைத்துக் கொள்ளுங்கள். 4,356 சதுர அடி. 16 அடி இடைவெளியில் சுமார் 16 மரம். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டர், வாரம் இரண்டு தடவை. மொத்தம் வாரத்துக்கு 480 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 32 குடம். பிப்ரவரி தொடக்கம் முதல் மே கடைசி வரை 17 வாரம் என்றால் 8,160 லிட்டர். டிராக்டர் டேங்கரில் 5,000 லிட்டர் வரும் என்றால், முழுக் கோடைக்கும் இரண்டு நடை. இவ்வளவுதான் தண்ணீர். இதையே நூறு கன்று நெருக்கி நட்டால் வாரம் 3,000 லிட்டர், கோடைக்கு 51,000 லிட்டர். 'நூறு கன்று நட்டோம்' என்று படம் போட நன்றாக இருக்கும், தூக்க ஆள் இருக்காது.

எட்டுக் குடும்பம் போதும். குடும்பத்துக்கு இரண்டு மரம், வாரத்துக்கு நாலு குடம். ஓர் ஓரத்தில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் வேலை பாதியாகும். கன்றுக்கு ஓரடி தள்ளி அடியில் துளையிட்ட பழைய மண்பானையைப் புதைத்து அதில் ஊற்றினால் தண்ணீர் வேருக்கு இறங்கும், வெயிலுக்குப் போகாது. வட்டப்பாத்தியை வருஷா வருஷம் அகலமாக்கிக்கொண்டே போக வேண்டும். வேர் தண்டை விட்டு வெளியே போகும்போது தண்ணீரும் கூடவே போகணும்.

முறைப் பட்டியல் போடும்போது திருப்பூரின் நாட்காட்டியைப் பாருங்கள். சனிக்கிழமை சம்பள நாள், சாயந்திரம் யாரும் வர மாட்டார்கள். ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் நல்ல நேரம். ஏற்றுமதி ஆர்டர் முடிக்கும் வாரம் ஒன்றரை ஷிப்ட் ஓடும். அந்த வாரம் கம்பெனிக்காரர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீபாவளிக்கு ஊரே காலியானாலும் அது மழைக்காலம், கன்று தாங்கும். பொங்கல் அப்படியில்லை. மழை நின்று ஈரம் இறங்கும் நேரத்தில் மதுரை, தேனி, திருநெல்வேலிக்காரர்கள் பத்து நாள் ஊருக்குப் போய்விடுவார்கள். உள்ளூரில் பொங்கல் வைக்கும் குடும்பங்களையும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களையும் அந்த வாரத்துக்கு முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். வடநாட்டுத் தம்பிகளை இந்த மாதிரி வேலைக்கு நாம் கூப்பிடுவதே இல்லை. அவர்களில் பலர் மா, கொய்யாத் தோப்புள்ள கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கவாத்து பண்ண உங்களுக்கே சொல்லித் தருவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படம் வேண்டாம். மரத்துக்கு ஓர் எண் கொடுத்து, தண்ணீர் ஊற்றியவர் அந்த மரத்தின் படத்தைத் தேதி, இடம் பதியும் கேமரா செயலியில் எடுத்துப் போடட்டும். மாதம் ஒரு தடவை எல்லாப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கன்று பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பழம் வந்த பிறகு

முதல் வருஷம் வரும் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். மரம் முதலில் வளரட்டும். கொய்யாவிலும் இலந்தையிலும் பழ ஈ வரும். விழுந்து அழுகும் பழத்தைத் தினமும் பொறுக்கிக் குழியில் மூடுவதும், ஈ பிடிக்கும் பொறி கட்டுவதும் போதும். பிள்ளைகள் கழுவாமல் தின்னும் தோப்பு இது, பூச்சி மருந்து தெளிக்கவே வேண்டாம்.

பறிப்பதற்கு என்ன விதி? இங்கிலாந்தில் டாட்மார்டன் என்ற சிறிய ஊரில் 2008 முதல் தெருவோரத்திலும் காவல் நிலைய முகப்பிலும்கூடத் தின்னக் கூடிய செடிகளை நட்டு, யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். நம்ம ஊரிலும் அப்படி விடலாம் என்பது என் கருத்து. ஆனால் மூன்று விஷயத்தைப் பலகையில் எழுதி வையுங்கள்: கைக்கு எட்டுவதை மட்டும் பறிக்க வேண்டும், கிளையை முறிக்கக் கூடாது, மூட்டை கட்டி விற்கக் கூடாது. ஒடிசாக்காரருக்கும் புரிய வேண்டும் என்பதால் பலகையில் எழுத்தோடு படமும் இருக்கட்டும். உயரக் கிளைப் பழங்களை மாதம் ஒரு ஞாயிறு தொரட்டி வைத்துப் பறித்து, பக்கத்து அங்கன்வாடிக்கும் தெரு வீடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

யாராவது ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போவார். போகட்டும். அதற்காகக் கேட்டைப் பூட்டினால் ஆறு மாதத்தில் தண்ணீர் ஊற்ற வருகிறவர்களும் வெளியே நின்றுவிடுவார்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் நிறைந்த ஊர் இது. பொறுப்பாக இருந்தவர் அடுத்த வருஷம் அனுப்பர்பாளையத்துக்கோ அவிநாசிக்கோ வீடு மாறிப் போய்விடுவார். ஆகவே தீர்மான நகல், மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை, எந்த எண்ணில் எந்த ரகம் என்ற வரைபடம், டேங்கர் ஓட்டுநரின் தொடர்பு, தொட்டிச் சாவி யாரிடம் என்ற விவரம் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும்; பக்கங்களைப் படம் எடுத்துக் குழுவிலும் போட்டு வையுங்கள். வீடு மாறுகிறவர் அந்த நோட்டையும் தன் இரண்டு மரங்களையும் புதிதாகக் குடிவருகிறவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.